மாலை ஆறே கால்

பகலில் எங்களை யாரும் கூப்பிடுவதில்லை.
கமுதிப் பக்கம் கண்ணாடிப் பலகைகள்
வெயிலைக் குடித்துக்கொண்டிருக்கும் நேரம்.
வால்வைத் திருகி மூடிவிட்டு
சீமைக்கருவேல நிழலில் புளிச்சோற்றைப் பிரிப்போம்.
ஏழாம் கிணறும் எங்களோடு சும்மா இருக்கும்.
சும்மா இருப்பதாக நினைத்தோம்.

ஆறே காலுக்கு அழைப்பு வரும்.
குளிரூட்டிய அறையிலிருந்து ஒரு குரல்;
பேர் சொல்லாது, வணக்கம் சொல்லாது.
"வெயில் இறங்கிருச்சு. எவ்வளவு தருவீங்க?"

திறப்போம்.
எந்தக் கடல் எந்தக் காலத்தில் செத்ததோ
அதன் மூச்சு
இரண்டாயிரம் மீட்டர் ஏறி வந்து
வழுதூரில் டர்பைனைத் தள்ளும்.
பெரியபட்டினத்தில் மிக்ஸி ஓடும்.
கீழக்கரை ஐஸ் பிளான்ட்டில்
நண்டுப் பெட்டிகள் மேல் பனி விழும்.
எங்கள் அறையில் மட்டும் டியூப்லைட்
மூன்று முறை கண் சிமிட்டித்தான் எரியும்.

குறிப்பேட்டில் என் கையெழுத்து:
சேர்ந்த வருடம் அழுத்தம் நூற்று நாற்பது.
போன ஆடியில் அறுபத்திரண்டு.
இந்த ஆவணியில் முப்பத்தொன்று.
கூரிச்சாமி எட்டிப் பார்த்து
"என் சம்பளத்தை எதுக்குடா எழுதுறே" என்றான்.
அடுத்த மாதமே பலகை துடைக்கும் வேலைக்குப் போய்விட்டான்.
ராத்திரி ஷிப்டே கிடையாதாம்,
சூரியனுக்கு மேலதிகாரி கிடையாதாம்.

பொறியாளர் ரெஜினா சுகந்தி
ஜீப்பின் பானெட்டில் தாளை விரித்தார்.
"மூடி மூடித் திறக்கிற கிணத்துக்கு
நீர் கோத்துக்கும்.
பகலும் ராவும் விட்டா ரெண்டு வருஷம் வரும்.
சாயங்காலம் மட்டும்னா
பாதி கீழேயே தங்கிடும்."
தங்கினால் என்ன என்று கேட்டேன்.
கேலிக்குக் கேட்கவில்லை.
அவர் பேனா கோட்டின் நுனியில் நின்றது.
"அதுக்கு இந்தத் தாள்ல கட்டம் இல்ல" என்றார்.

நிலத்துக்காரி சீனி ஹமீதாளுக்குக்
கட்டம் எல்லாம் வேண்டாம்.
ஸ்கூட்டியை வேலியில் சாய்த்துவிட்டுக் கேட்டாள்:
"அடியில இருக்கறதுக்கு நீங்க வந்தீங்க.
மேல விழுகிறதுக்குச் சோலார் புரோக்கர் வந்துட்டுப் போறான்.
நடுவுல கிடக்கற மண்ணுக்கு
யாருய்யா காசு தருவா?"

ஐப்பசியில் மூன்று நாள் மூட்டம்.
கடலும் வானமும் ஒரே அலுமினியத் தகடு.
அன்று அழைப்பு பகல் பதினொன்றுக்கே வந்தது;
குரலில் முதல் தடவையாக ஒரு "அண்ணே".
திறந்தேன்.
குழாய் இருமியது.
தீக்கம்பத்தில் சுடர் குறுகி, நீலமாகி,
ஒரு விக்கலோடு நின்றது.
பிறகு வந்தது தண்ணீர்,
வெதுவெதுப்பாக, மண்ணெண்ணெய் வாடையோடு.
செய்யக்கூடாது. ஆனாலும் விரலில் தொட்டு
நாக்கில் வைத்தேன்.
வாலிநோக்கம் உப்புப் பாத்தியே தோற்றுவிடும்.

"எவ்வளவுண்ணே?"
தண்ணி என்றேன்.
"சரி, எவ்வளவு?"
அந்தப் பக்கமும் ஒரு குறிப்பேடு இருக்கிறது,
அதில் எண் மட்டும்தான் எழுத முடியும்
என்று அப்போதுதான் புரிந்தது.

கார்த்திகையில் சிமெண்ட் லாரி வந்தது.
அடியில் ஒரு அடைப்பு, நடுவில் ஒன்று, வாயில் ஒன்று.
படிவத்தில் ஆழம் கேட்டார்கள்,
மூட்டைக் கணக்கு கேட்டார்கள்,
எடுத்தது எவ்வளவு என்றும் கேட்டார்கள்.
விட்டது எவ்வளவு என்று கேட்கவில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.
யாராவது அழித்திருப்பார்கள்.

என் ஒப்பந்தம் பங்குனி வரை.
அதுவரை காவல்;
எதற்குக் காவல் என்று சொல்லவில்லை.
கிணறு இருந்த இடத்தில் இடுப்பளவுக் குழாய் ஒன்று,
எண்ணும் தேதியும் வெட்டிய தகடு.
அதில் ஹமீதாள் இரண்டு ஆடுகளைக் கட்டியிருந்தாள்.
குத்தகை இனி வருமா என்றாள்.
தெரியாது என்றேன்.
பேட்டரி வைக்க இடம் பார்க்கிறார்களாம், தெரியுமா என்றாள்.
அதுவும் தெரியாது.

பெரிய ஆடு தகட்டை நக்கிக்கொண்டிருந்தது.
உப்பு இருக்கும் போல.
மணி ஆறு பத்து.